என்ஜின் மேல் வந்த டப்பா

டப்பா சுட்டது.

கண்டக்டர் அதை என் கையில் கொடுத்தபோது கீழே போடப் போனேன். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் துணி இல்லாமல் பிடித்தது போல இருந்தது. சட்டென்று முந்தானையை இழுத்து நடுவில் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"என்னங்க இது, இப்படிச் சுடுது?"

"சித்திர மாசம்மா. சுடாம குளுருமா இன்னா?" என்று சொல்லிவிட்டு அவர் விசில் ஊதினார். சிதம்பரத்திலிருந்து வந்த அந்த பஸ், என்னையும் கொஞ்சம் புழுதியையும் மஞ்சக்குப்பத்தில் விட்டுவிட்டுப் பாண்டிச்சேரிப் பக்கம் போய்விட்டது.

அறுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருடம். எந்த வருடம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தேதிகளை ஞாபகம் வைத்துக்கொள்ளும் மூளை எனக்கு எப்போதும் இருந்ததில்லை. ஆனால் அந்தச் சூடு உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது.

நான் அப்போது கடலூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். வழக்கமாக பஸ்ஸிலிருந்து டப்பாவை வாங்கி வருபவர் எங்கள் அட்டெண்டர் கோவிந்தசாமி. அன்றைக்கு அவர் வீட்டில் காதுகுத்து, அதனால் நான் போனேன். கோவிந்தசாமி டப்பாவை வாங்கினால் நேரே வரமாட்டார். டீக்கடை பெஞ்சில் அதைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, டீ குடித்து, பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் வருவார். அதற்குள் டப்பா ஆறிவிடும். இத்தனை வாரமும் எனக்கு ஒன்றும் தெரியாமல் போனதற்கு அந்த டீக்கடையும் ஒரு காரணம்.

டப்பாவுக்குள் என்ன இருந்தது என்பதைச் சாப்பிட்டுக்கொண்டே இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு மனிதரின் மலம். சின்னக் கண்ணாடிக் குப்பியில், மூடி இறுக்கி, அலுமினிய டப்பாவுக்குள் வைத்து, மேலே காக்கித் துணி தைத்து, சிவப்பு மையில் 'ஆஸ்பத்திரி – அவசரம்' என்று எழுதியிருக்கும்.

போன வாரம் மைக்ராஸ்கோப்பைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "உங்கள் வேலை எவ்வளவு சுத்தமான வேலை!" என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். அவருக்கு இந்த வாரம் என் மன்னிப்பு.

கவுஸ் பாய்

அந்தக் குப்பிக்குச் சொந்தக்காரர் சிதம்பரத்து கவுஸ் பாய். கல்யாணங்களுக்குப் பெரிய பெரிய தேக்சாக்களை அடுப்பில் ஏற்றிப் பிரியாணி ஆக்குகிறவரை அவர்கள் பக்கம் பண்டாரி என்பார்கள். சிதம்பரத்தில் அந்த நாளில் பண்டாரி என்றால் கவுஸ் பாய்தான். மற்றவர்களுக்கெல்லாம் பெயரோடு சேர்த்துச் சொல்லவேண்டும்.

முந்தின பனிக்காலத்தில் ஒரு விருந்து. அதில் சாப்பிட்டவர்களில் சிலருக்கு அடுத்த சில வாரங்களில் டைபாய்டு வந்தது. சுகாதார இன்ஸ்பெக்டர் அந்தச் சமையலில் கை வைத்த எல்லாரையும் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். பாய் மட்டும் மாட்டிக்கொண்டார்.

அவருக்குக் காய்ச்சல் இல்லை. தலைவலிகூட இல்லை. ஆள் வாட்டசாட்டமாக, வெள்ளைச் சட்டையில் அத்தர் மணக்க, சிரித்துக்கொண்டே வந்து நின்றார். சிலருடைய உடம்பில் அந்தக் கிருமி பித்தப்பையில் குடியேறி, வாடகை கொடுக்காமல் வருடக்கணக்கில் தங்கிவிடும். வீட்டுக்காரருக்கு ஒரு தொந்தரவும் செய்யாது. ஆனால் மலத்தோடு வெளியே வந்துகொண்டே இருக்கும். கை வழியாகச் சாப்பாட்டுக்கும், சாப்பாடு வழியாக அடுத்தவர் வயிற்றுக்கும் போகும்.

கொதிக்கிற பிரியாணியில் அது செத்துப்போகும். பக்கத்தில் ஒரு கரண்டி வைக்கிறார்களே தயிர் வெங்காயம், அதில் பிழைத்துக்கொள்ளும். அந்தத் தயிர் வெங்காயத்தைக் கையால் பிசைந்து கலந்தால்தான் ருசி என்பது பாயின் கொள்கை.

முதல் நாள் அவரை உட்கார வைத்து இதையெல்லாம் சொன்னேன். அவர் கண் என் மேஜையிலிருந்த கண்ணாடித் தட்டின் மேல் இருந்தது. கிருமிகளை வளர்க்கும் தட்டு அது. ஊட்டச்சத்தெல்லாம் கலந்து, கூழ் மாதிரி காய்ச்சி ஊற்றி உறைய வைப்போம்.

"இது கடப்பாசிதானம்மா?" என்றார்.

அவர் கேட்டது சரி. அந்தக் கூழ் உறைவதே கடற்பாசியால்தான்.

"நோம்புல நாங்க காச்சுவோம். பாலு, சீனி, கொஞ்சம் ஏலக்கா. நீங்க இன்னா போட்டீங்க?"

"மாட்டிறைச்சிச் சாறு, உப்பு."

"சீனி போட்டிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றார் அனுதாபத்தோடு. கிருமிகளுக்காக வருத்தப்பட்ட ஒரே நோயாளி அவர்தான்.

எங்கள் கூடத்து டாக்டர் அவருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை முடிந்த பிறகு, வாரத்துக்கு ஒன்றாக மூன்று குப்பி அனுப்ப வேண்டும். மூன்றிலும் கிருமி இல்லை என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால், பாய் மறுபடி அடுப்படிக்குப் போகலாம். அதுவரை வெளிச் சமையல் கூடாது.

அவருடைய அவசரம் வேறு. மகள் ஷரீபாவுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது.

"ஊர்ல இருக்கற பொண்ணுங்களுக்கெல்லாம் நாந்தாம்மா ஆக்கிப் போட்டேன். எம் பொண்ணு நிக்காவுல வேற ஒருத்தன் தேக்சாவுல கரண்டிய வுடுவான், நான் கைய கட்டிக்கினு நிக்கணுமா? எப்டியாச்சும் அதுக்குள்ள சீட்டு குடுத்துடுங்க டாக்டரம்மா."

நான் டாக்டர் இல்லை என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

முதல் குப்பி வந்தது, கிருமி இல்லை. இரண்டாவது வந்தது, கிருமி இல்லை. அன்றைக்கு என் கையில் சுட்டுக்கொண்டிருந்தது மூன்றாவது. நிக்காஹுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

தயிரும் சூடும்

இந்த இடத்தில் நான் கொஞ்சம் தயிர் விஷயம் பேச வேண்டும்.

மார்கழியில் பாலில் உறை ஊற்றி வைத்தால் காலையில் பால் பாலாகவே இருக்கும். சித்திரையில் அதே உறையை ஊற்றினால் விடிவதற்குள் புளித்து, மூக்கைச் சுளிக்க வைக்கும். ஆறாத பாலில் அவசரப்பட்டு ஊற்றினாலோ, உறையவே உறையாது. தயிர் ஆவதும் கிருமியின் வேலைதான். குளிரில் அது தூங்கும். இதமான சூட்டில் பெருகும். சூடு எல்லை மீறினால் செத்துவிடும். நம் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் இது தெரியும், ஆனால் யாரும் அவர்களுக்குப் பட்டம் கொடுக்கவில்லை.

டைபாய்டுக் கிருமிக்குப் பிடித்தது நம் உடம்புச் சூடு. அதனால் எங்கள் கூடத்தில் ஒரு பெட்டி வைத்து, இரவும் பகலும் அந்தச் சூட்டிலேயே காத்து வந்தோம். ஒரு மார்கழியில் அந்தப் பெட்டியைத் திறந்தால் தட்டுகளுக்குப் பின்னால் ஒரு பித்தளைச் சொம்பு. கோவிந்தசாமி தன் வீட்டுத் தயிரை உறைய வைத்திருந்தார். கத்தினேன். "நல்லா கெட்டியா உறையுதும்மா" என்றார் ரொம்ப நியாயமாக. டைபாய்டுத் தட்டுக்கு அரை அடி தள்ளி உறைந்த தயிர் அது. அதைக் கொட்டச் செய்து, சொம்பையும் கொதிக்க வைத்துத்தான் அவர் கையில் கொடுத்தேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இவ்வளவு தெரிந்தவளாகிய நான்தான் பாயின் குப்பிகளில் ஏமாந்தேன்.

யாருடைய மலத்தைத் தட்டில் தேய்த்து வைத்தாலும் மறுநாள் ரோஜா நிறத்தில் புள்ளி புள்ளியாக நிறைய முளைத்திருக்கும். அவை குடலில் எல்லாருக்கும் இருக்கிற சாதாரணக் கிருமிகள். ஆரோக்கியமானவருக்கும் இருக்கும், மகாராஜாவுக்கும் இருக்கும். அந்த ரோஜாக் கூட்டத்துக்கு நடுவே டைபாய்டாக இருக்கக்கூடிய நிறமில்லாத புள்ளி ஏதாவது நிற்கிறதா என்று தேடுவதுதான் என் வேலை.

பாயின் முதல் தட்டில் நிறமில்லாத புள்ளி இல்லை. ரோஜாப் புள்ளிகளும் இல்லை. துடைத்து வைத்த மாதிரி இருந்தது தட்டு. இரண்டாவதும் அப்படியே. 'மாத்திரை என்னமாய் வேலை செய்திருக்கிறது!' என்று நான் சந்தோஷப்பட்டேன். மாத்திரையை நிறுத்தி வாரங்கள் ஆன ஒரு மனிதரின் வயிற்றில் ஒரு கிருமிகூடவா இருக்காது என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. சுத்தமாக இருந்தால் நல்லது என்று சிறுவயதிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்த புத்தி. பாய் நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்துகொண்டது.

இன்னொன்றும் இருக்கிறது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரண்டாவது சீட்டு கிடைத்த சந்தோஷத்தில் பாய் அதே பஸ்ஸில் ஒரு தூக்கு நிறைய தம்ரூட் அனுப்பினார். ரவையும் முட்டையும் நெய்யும் சேர்த்து, மேலேயும் கீழேயும் நெருப்பு வைத்துச் செய்கிற இனிப்பு. அந்த வாசனையில் கோவிந்தசாமி அன்றைக்கு மட்டும் டீக்கடையில் உட்காராமல் நேரே கொண்டு வந்தார். திறந்தபோது ஆவி வந்தது. சிதம்பரத்திலிருந்து கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் பயணம் செய்த பண்டம்! "பாரும்மா, பாய் அடுப்புலேந்து எறக்குன கையோட அனுப்பிச்சிருக்காரு" என்று கோவிந்தசாமி மெச்சினார். நானும் மெச்சினேன். டாக்டர் உள்பட எல்லாரும் விரலை நக்கினோம்.

வாயை மூடிக்கொண்டிருந்தால்

சுட்ட டப்பாவை மேஜையில் வைத்துப் பிரித்து, வெப்பமானியை உள்ளே விட்டேன். பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்து, வியர்வை துடைத்து, தையலைப் பிரித்ததற்குப் பிறகும் பாதரசம் ஐம்பதைத் தாண்டி நின்றது. பஸ்ஸில் இதைவிட எவ்வளவோ அதிகமாக இருந்திருக்கும். அந்தச் சூட்டில் இரண்டு மணி நேரம் வெந்த கிருமி எழுந்து வரப்போவதில்லை.

தம்ரூட் ஞாபகம் வந்தது. துடைத்து வைத்த தட்டுகள் ஞாபகம் வந்தன.

அடுத்து எனக்கு வந்த எண்ணத்தை மறைக்காமல் எழுதுகிறேன். இந்தக் குப்பியையும் தட்டில் தேய்த்து வைத்தால் ஒன்றும் முளைக்காது. 'கிருமி இல்லை' என்று எழுதலாம். அது பொய்கூட இல்லை, தட்டில் இல்லைதானே. பாய் மகளுக்கு ஆசை தீரச் சமைப்பார். டப்பா சுட்டது எனக்கும் அந்தக் கண்டக்டருக்கும் மட்டும்தான் தெரியும், அவர் சித்திரை மாசத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டார்.

அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த நிக்காஹ் பந்தியில் யார் யார் உட்காருவார்கள் என்று நினைத்தேன். ஷரீபா உட்காருவாள். மாப்பிள்ளை உட்காருவார். பக்கத்தில் தயிர் வெங்காயம் இருக்கும். எழுந்து டாக்டர் அறைக்குப் போனேன்.

டாக்டர் அதிகம் பேசமாட்டார். முழுவதும் கேட்டுவிட்டு, பழைய இரண்டு ரிப்போர்ட்டின் நகலையும் எடுத்து வரச் சொன்னார்.

"ரெண்டுலயும் என் கையெழுத்து இருக்கு, சரோஜா."

"தட்டைப் பார்த்தது நான் சார்."

"ரோஜா ஒண்ணுகூட இல்லைன்னு நீ எழுதியிருக்க. நானும் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்." பேனாவைத் திறந்து இரண்டின் மேலும் குறுக்கே கோடு போட்டார். "நாளைக்கு நீயே போயி ஒரு சாம்பிள் வாங்கிட்டு வா. சூடு படாம கொண்டாரணும். வர்றப்ப அந்த டப்பா எங்க உக்காந்து வருதுன்னும் பாத்துட்டு வா."

சாமிக்குக் கீழே

மறுநாள் விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டேன். ஒரு மூங்கில் கூடை, அதற்குள் சின்ன மண் கலயம், கலயத்தில் ஈர மணல். மீன்காரி மாதிரி இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள்.

டப்பாவைத் தைத்து பஸ்ஸில் ஏற்றிவிடுகிற சிதம்பரம் மருந்தகத்துக்கு பாயை வரச் சொல்லியிருந்தேன். இன்னொரு குப்பி வேண்டும் என்று மட்டும் சொன்னேன். "நீங்க கேட்டா தெனம் ஒண்ணு தரேன் டாக்டரம்மா, எனக்கு இன்னா செலவு!" என்று அவரே சிரித்துக்கொண்டார். பாவி மனிதர், ஏன் எதற்கு என்று கேட்கவே இல்லை. குப்பியை மணலில் புதைத்து, ஈரத் துணி போட்டு மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். அதே பஸ்.

டிரைவர் நடுவயசுக்காரர். கூடையைப் பார்த்ததும் கை நீட்டினார்.

"ஆஸ்பத்திரி ஜாமானாம்மா? குடுங்க, சாமிகிட்ட வச்சுர்றேன்."

"எந்தச் சாமிகிட்ட?"

டிரைவருக்கு இடதுபுறம், பஸ்ஸுக்கு உள்ளேயே, என்ஜினை மூடி ஒரு பெரிய இரும்புக் கூடு இருந்தது. அதற்கு மேலே கண்ணாடியை ஒட்டி நடராஜர் படம், வேளாங்கண்ணி மாதா படம், நாகூர் தர்காப் படம், மூன்றுக்கும் சேர்த்து ஒரே மல்லிகைச் சரம். படங்களுக்கு நேர் கீழே அந்த இரும்பு மூடியில் டப்பா உட்கார ஒரு இடம், அசையாமல் இருக்கத் துணியைச் சுருட்டி வளையம் மாதிரி வைத்திருந்தார். பக்கத்திலேயே ஊதுவத்தி எரிந்துகொண்டிருந்தது.

மூடியில் விரலை வைத்தேன். உடனே எடுத்துவிட்டேன். வண்டி அப்போதுதான் ஒரு நடை போய்விட்டு வந்திருந்தது.

"டப்பாவை எப்பவும் இங்கதான் வைப்பீங்களா?"

"பின்ன? காலு படற எடத்துல மருந்த வைக்க முடியுமாம்மா? யாரு உசுருக்குப் போராடறாங்களோ. சாமி கண்ணுல படட்டும்னு இங்க வைப்பேன். வண்டி எடுக்கறப்ப அதுக்கும் சேத்துத்தான் ஊதுவத்தி காட்டுவேன்."

"அது மருந்து இல்லீங்க" என்று ஆரம்பித்து, குரலைத் தாழ்த்தி, அது என்ன என்று சொன்னேன்.

அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. முதலில் நடராஜரைப் பார்த்தார். பிறகு மாதாவை. பிறகு தர்காவை.

"அதுக்கா? மூணு வாரமா அதுக்கா நான் ஊதுவத்தி காட்டுனேன்?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்டக்டர் வேறு பின்னாலிருந்து, "இன்னாண்ணே, இன்னா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் சூட்டில் கிருமி செத்துப்போய், பரிசோதனையே தப்பாகிவிட்டது என்று நான் சொன்னதும் டிரைவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"யாருதும்மா அது?"

"அதைச் சொல்லக் கூடாதுங்க."

"அவுங்களுக்கு நல்லது ஆவணும்னுதாம்மா வச்சேன்" என்றார். வழியில் ஒரு இடத்தில் தானாகவே வண்டியை நிறுத்தி, குழாயடியில் ஒரு குவளைத் தண்ணீர் பிடித்து வந்து, என் மடியிலிருந்த கூடையின் துணியை நனைத்துவிட்டுப் போனார்.

மீன் கண்

டைபாய்டுக் கிருமியைத் தனியாகக் காட்டிக் கொடுக்க ஒரு விசேஷத் தட்டு உண்டு. இளம்பச்சை நிறத்தில் இருக்கும். இரண்டு நாள் காக்க வேண்டும். அந்த இரண்டு நாளும் நான் வேண்டாத தெய்வம் இல்லை. டிரைவரின் மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டேன்.

சாதாரணத் தட்டில் மறுநாளே ரோஜாப் புள்ளிகள் எக்கச்சக்கமாக முளைத்திருந்தன. குப்பி உயிரோடு வந்து சேர்ந்தது என்று அதற்கு அர்த்தம். இரண்டாம் நாள் காலையில் பச்சைத் தட்டைத் திறந்தேன். கருகருவென்று, சுற்றிலும் ஒரு பளபளப்போடு, மீன் கண் மாதிரி வரிசையாகப் புள்ளிகள்.

மற்றப் பரிசோதனைகளையும் செய்து முடித்தேன். சந்தேகமே இல்லை. டாக்டர் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "தபால்ல அனுப்பிடலாம்" என்றார். நான் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்துவிட்டு, "சரி, போயிட்டு வா" என்றார்.

உப்பு

பாய் வீட்டு வாசலில் பந்தல் மூங்கில் வந்து இறங்கியிருந்தது. ஈயம் பூசி வந்த தேக்சாக்கள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. பாய் ஒரு தேக்சாவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டாக்டரம்மா! மூணாவது சீட்டு நேர்லயே வந்துடுச்சா? அமீனா, யாரு வந்துருக்காங்க பாரு!"

அமீனா அவர் மனைவி. ஒல்லியான உடம்பு, எதையோ எப்போதும் தேடுகிற கண். என்னை உள்ளே உட்கார வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். பஸ், என்ஜின், வெந்துபோன குப்பிகள், இப்போது முளைத்தது, எல்லாம். இனி அவர் கை பட்டதை மற்றவர்கள் பச்சையாகச் சாப்பிடக் கூடாது, ஒரே தட்டில் கை வைக்கக் கூடாது, சோப்புப் போட்டு எப்படிக் கழுவ வேண்டும் என்று பத்து நிமிஷம் சொன்னேன். மதராஸில் அறுவை செய்து பித்தப்பையை எடுத்துவிட்டால் தீரலாம் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன்.

"மொத ரெண்டு சீட்டு?"

"தப்பு பாய். எங்க தப்பு. நான் கவனிச்சிருக்கணும்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையை ஆட்டிக்கொண்டார்.

"பரங்கிப்பேட்ட பண்டாரிக்கு ஆள் அனுப்பிச்சுர்றேன். நல்லாத்தான் ஆக்குவான். சோறு மட்டும் கொஞ்சம் கொழைஞ்சுரும்" என்றார். நிக்காஹ் அன்று பாய் அடுப்புக்குப் பத்தடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாயாலேயே மொத்தச் சமையலையும் செய்ததாகவும், பரங்கிப்பேட்டைக்காரர் அத்தனையையும் பொறுத்துக்கொண்டதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். கத்திக்கு அவர் சம்மதிக்கவே இல்லை. தேக்சாக்களை வாடகைக்கு விட்டுக் காலத்தை ஓட்டினார்.

அன்றைக்குப் பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்தேன். அவர் அடுப்படிப் பக்கம் பார்த்துவிட்டு, கிட்டே வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கறேன் டாக்டரம்மா. இது எவ்ளோ நாளா எனக்குள்ள இருக்கும்?"

"சொல்ல முடியாது. சில பேருக்கு வருஷக்கணக்கா இருக்கும்."

"அமீனா தம்பி ஒருத்தன் இருந்தான், காதர்னு. எம் மச்சான். எங்கூடத்தான் வேலைக்கு வருவான், எந் தட்டுலதான் சாப்புடுவான். நாலு வருசம் முந்தி டைபாய்டுல பூட்டான். இருவது வயசு." அவர் குரல் இன்னும் இறங்கியது. "அது என்னாலயா?"

எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஆனால் என் மனசுக்குள் என்ன பதில் வந்தது என்பது எனக்குத் தெரியும். ஒரே தட்டு. நாலு வருஷம்.

"இல்ல பாய்" என்றேன். "அது வேற."

"வேறயா?"

"வேறதான்."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வாசலில் கவிழ்ந்து கிடந்த தேக்சாக்களைப் பார்த்தேன். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. இரண்டே அறை உள்ள வீடு அது, நடுவில் ஒரு துணித் திரை. எவ்வளவு நேரமாக நின்றிருந்தது என்று தெரியவில்லை.

அமீனா சோறும் மீன் குழம்பும் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாய் எழுந்து இரண்டு எட்டு பின்னால் போய் நின்றுகொண்டார். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சாப்புடுங்கம்மா. பயப்படாதீங்க. நான் எதுலயும் கை வைக்கல. எல்லாம் அவதான் செஞ்சா."

எனக்கு அழுகை வந்தது. தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். அமீனா போகவில்லை. சட்டியிலிருந்து கொஞ்சம் சோறெடுத்து, குழம்பு விட்டு உருட்டிக்கொண்டு அவரிடம் போனார்.

"உப்பு பாருங்க."

"வாணாம் புள்ள. இப்பத்தான் இவுங்க அவ்ளோ சொன்னாங்க."

"கேட்டுக்கினுதான் இருந்தேன். எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருந்தேன்" என்றார் அமீனா. "என்னிக்கு உங்களக் கேக்காம எறக்குனேன்? உப்பு பாருங்க."

முதுகுக்குப் பின்னாலிருந்து அவருடைய வலது கையை இழுத்து, உள்ளங்கையில் அந்த உருண்டையை வைத்தார். பாய் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பாதியைக் கடித்தார். மென்று விழுங்க அவருக்கு ரொம்ப நேரம் ஆனது.

"ஒரு கல்லு கம்மி" என்றார்.

அவர் கையில் மீதியிருந்ததை அமீனா எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். நிதானமாக மென்றார். "ஆமா, கம்மிதான்" என்று சொல்லிவிட்டு உப்பு எடுக்க உள்ளே போனார்.

அது கூடாது என்று சொல்லத்தான் நான் அங்கே போயிருந்தேன். வாயைத் திறந்தேன். திறந்த வாயில் ஒரு கவளம் சோற்றை வைத்து மூடிக்கொண்டேன். உப்பு கம்மியாகத்தான் இருந்தது.